சுண்ணாம்பா, பாதரசமா?

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டார். ஊக்கம் வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்ணாடிக் குழாயோடு மல்லுக்கட்டியவள் நான். எனக்குக் கிடைத்த நல்ல முடிவுகளை நீங்கள் ஆய்விதழ்களில் தேடிப் படித்துக்கொள்ளலாம், அவை அப்படியொன்றும் அதிகம் இல்லை. இங்கே எழுதுவது எந்த ஆய்விதழிலும் வராதது. படித்து முடித்ததும் மனசு கனத்தால் என்னைத் திட்டாதீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளிக்காரி. நெல் வயலும் நாலு எருமையும் இருந்த வீட்டிலிருந்து எம்.எஸ்சி. முடித்து, பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தேன். என் வழிகாட்டி கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்காரர். பெயர் வேண்டாம். அன்றைக்கு எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே இங்கும் சார் என்றே சொல்கிறேன். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கினால் நாங்கள் ஓடி ஒளிவோம்.

எங்கள் வேலை ஆட்டு மூளையில். விடிந்ததும் விடியாததுமாக மார்க்கெட்டில் ஆடு அறுக்கும் இடத்துக்குப் போய் நின்று, மூளையைச் சூடு ஆறும் முன் வாங்கி, ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் போட்டு ரிக்‌ஷாவில் கொண்டுவருவேன். ஊரில் யாராவது கேட்டால் என் அம்மா, "புள்ள காலேஜுல வாத்தியாரம்மா வேலைங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை எருமைப் பக்கம் திருப்பிவிடுவாள்.

மூளையிலிருந்து டியூபுலின் என்ற புரதத்தைப் பிரித்தெடுப்போம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். குளிரில் அது தனித்தனித் துணுக்குகளாகக் கரைந்து கிடக்கும். உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்குழல்களாக எழும்பும். நரம்பின் நீளத்துக்கு உள்ளே நின்று, கூரைக்குக் கழி போட்ட மாதிரி அதைத் தாங்குபவை அந்தக் குழல்கள். அவை எழும்ப மக்னீசியம் வேண்டும். கால்சியம் கொஞ்சம் கூடிவிட்டால் எழும்பாது, எழும்பியிருந்தாலும் சரிந்துவிடும். இதை வெளிநாட்டில் கண்டுபிடித்தே அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எந்த உலோகம் கட்டும், எந்த உலோகம் இடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்பது சாரின் ஆசை.

இன்று நீங்கள் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வரும்போது திரையில் கோடு ஏறியிருக்கிறது. எங்களிடம் இருந்தவை வளைந்த கண்ணாடிக் குழாய்கள் சிலவும் ஸ்டாப்வாட்ச் ஒன்றும். குழல்கள் எழும்பினால் கரைசல் கெட்டிப்பட்டுக் கண்ணாடிக் குழாயில் மெதுவாக இறங்கும். எழும்பாவிட்டால் தண்ணீர் மாதிரி ஓடிவிடும். குழாய் வெந்நீர்த் தொட்டிக்குள் நிற்கும். தொட்டியின் மரமூடியைத் தூக்க வேண்டும், கரைசலை உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும், குழாயின் வாயை விரலால் அடைத்து, விட்டு, நேரம் பார்க்க வேண்டும். நாள் முழுக்க இதேதான். கையுறை என்பது ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் போடுவது என்று நினைத்திருந்தோம்.

வேலைக்கு ஒரு வரிசை இருந்தது. காலையில் புரதம் புதிதாக இருக்கும்போது உலோகம் எதுவும் கூடுதலாகச் சேர்க்காத வெறும் புரதத்தை ஓட்டிப் பார்ப்போம். அது ஒழுங்காகக் குழல் கட்டுகிறது என்று தெரிந்தால்தான் மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு உலோகம் கலந்த குழாய்கள். பிள்ளையாருக்கு முதல் தேங்காய் உடைக்கிற மாதிரி அது ஒரு வழக்கம், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சார் வெற்றிலை போடுபவர். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் ஒருபோதும் போட மாட்டார். சாப்பிட்டதும் வராந்தாவில் நின்று போட்டு, மென்று துப்பி, வாய் கொப்பளித்த பிறகுதான் உள்ளே வருவார். அந்த ஒழுக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் எங்கள் கல்லூரித் தமிழாசிரியர் தன் மைத்துனரை அழைத்துக்கொண்டு வந்தார். குமுளி தாண்டி மலையில் இருக்கும் வண்டிப்பெரியாற்றில் தோட்டத் தொழிலாளர் சங்கச் செயலாளர் அவர். கூடவே ஒரு தம்பதி, சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும். தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை. அந்தத் தோட்டத்தில் ஓரமாக ஏலக்காயும் போட்டிருந்தார்கள். ஏல நாற்று அழுகாமல் இருக்கப் பாதரசம் கலந்த ஒரு தூளைத் தண்ணீரில் கரைத்து நாற்றங்காலில் ஊற்றுவார்கள். கரைக்கிற வேலை சுடலைமுத்துவுடையது. முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் கலக்குவாராம். நாங்கள் கொடுத்த காபியை அவர் கையில் வாங்கவில்லை. பேச்சியம்மாள் தம்ளரை அவர் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தாள். அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்து தாமாக ஆடிக்கொண்டிருந்தன. கால் வைத்த இடத்தில் நிற்கவும் இல்லை.

தோட்ட நிர்வாகம் அது குடியால் வந்த நடுக்கம் என்றது. சம்பள நாளில் அவர் குடிப்பார், அதை அவரே மறைக்கவில்லை. குடிகாரன் என்று பேரை வெட்டிவிட்டால் வேலையோடு லயத்து அறையும் போய்விடும். லயம் என்றால் தோட்டத்துக்காரர்கள் வரிசையாகக் கட்டி விட்டிருக்கும் குடியிருப்பு. நிரந்தர வேலை உள்ளவருக்குத்தான் அதில் அறை. பேச்சியம்மாள் தற்காலிக ஆள். மூன்றும் பெண் பிள்ளைகள். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள், கீழே அவர்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது. தொழிலாளர் அலுவலர் முன்னால் விசாரணை வரப்போகிறது, தூள்தான் நரம்பைக் கெடுத்தது என்று படித்தவர் யாராவது வந்து சொன்னால் அறை நிற்கும் என்று செயலாளர் சொன்னார். மருத்துவமனையில் காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்களாம். தூள் மிகவும் மெலிவாகக் கரைக்கப்படுவது, அதனால் ஒன்றும் ஆகாது என்பது நிர்வாகத்தின் வாதம்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். கேரளத்தில் பாடம் நடத்துகிற பெண் எல்லாரும் டீச்சர்தான்.

"குடிச்சா கை நடுங்கும், ஒத்துக்கிடுதேன் டீச்சர். லயத்துல குடிக்காத ஆம்பள யாரு? அவுக யாருக்கும் இப்படி இல்லையே. இவுகளுக்கு முன்ன தூள் கலக்குன ஆளும் கை ஆடித்தான் ஊருக்குப் போனாரு."

சார் ஒப்புக்கொண்டார். அவர் பார்க்க நினைத்திருந்த உலோகங்களில் பாதரசமும் இருந்தது, இப்போது அதற்கு ஒரு அவசரமும் சேர்ந்துகொண்டது. செயலாளர் கொண்டுவந்த தூளைத் தொட்டியில் கரைக்கிற அளவை விடப் பல மடங்கு மெலிவாகக் கரைத்துப் புரதத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். குழல் கட்டுவதற்கு ஜி.டி.பி. என்ற ஒரு பொருள் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எங்களிடம் புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு நாள் வேலைக்குத்தான் காணும். அடுத்த பார்சல் மதராஸ் சுங்கத்தில் கிடந்தது. கால்சியத்தைக் கவ்விப் பிடித்து ஒதுக்குகிற உப்பும் தீரும் நிலை. அதனால் அதையும் உப்புப் போடத் தயங்குகிற சமையல்காரி மாதிரி கிள்ளிக் கிள்ளித்தான் போட்டோம்.

காலையில் வெறும் புரதம் அருமையாகக் கெட்டிப்பட்டது. சாப்பிட்டு வந்து தூள் கலந்த குழாய்களை ஓட்டினோம். ஒன்று விடாமல் தண்ணீர் மாதிரி ஓடின. சார் ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றே அறிக்கை எழுதினார். தமிழாசிரியர் மூலம் வண்டிப்பெரியாற்றுக்குச் செய்தி போயிற்று. பேச்சியம்மாள் லயத்தில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாளாம். இதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன், கேள்விப்படாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

விசாரணைக்குப் புறப்பட இருந்த வாரத்தில் வெந்நீர்த் தொட்டியைக் கழுவினேன். மரமூடியைக் கவிழ்த்தபோது அதன் விளிம்புக்கு அடியில் வெள்ளையாக ஒரு பூச்சு. அப்பி அப்பிக் காய்ந்தது, ஒருநாளில் வந்ததில்லை. வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூணில் தேய்ப்பார்கள், சுவரில் தேய்ப்பார்கள். எந்தக் கோயில் மண்டபத்துத் தூணை வேண்டுமானாலும் பாருங்கள். சார் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து, மூடியைத் தூக்கிப் பார்க்கும்போது, விரலை அங்கே துடைத்திருக்கிறார். அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்கிற வேலை அது.

சுண்ணாம்பு பட்டால் நிறம் மாறுகிற பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டேன். இளஞ்சிவப்பாக மலர்ந்தது. சுண்ணாம்பு என்றால் கால்சியம். அந்த விளிம்பைப் பிடித்துத்தான் நான் மூடியைத் தூக்குவேன், அதே விரலால்தான் குழாயின் வாயை அடைப்பேன். காலையில் ஓடிய வெறும் புரதத்தின் போது அந்தச் சுண்ணாம்பு காய்ந்து கிடந்திருக்கும். மதியம் ஓடிய பாதரசக் குழாய்களின் போது அது ஈரம் காயாத சுண்ணாம்பு. அன்று புரதத்தைப் படுக்க வைத்தது எது? பாதரசமா, வெற்றிலையா? கண்ணாடிக் குழாய்களை அன்றே கழுவிக் கவிழ்த்துவிட்டோம். திரும்ப ஓட்டிப் பார்க்க ஜி.டி.பி. இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். மூடியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"இது வேற யாருக்காவது தெரியுமோ?"

"இல்லீங்க சார். நம்ம ரெண்டு பேருக்குந்தானுங்க."

"நோக்கு என்ன தோணறது? எது காரணம்?"

"பாதரசந்தான்னு தோணுதுங்க. ஆனாக் காட்ட முடியாதுங்க."

"தோணறதுக்கெல்லாம் ஒப்பு போட முடியுமோ, கேட்டியா," என்றார். கையெழுத்தைத்தான் அவர் ஒப்பு என்பார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அன்று பூராவும் டிரங்க் கால் போட்டார். பெங்களூரில் ஒரு நண்பர், மதுரையில் ஒரு பழைய மாணவர். ஒருவரிடம் ஜி.டி.பி. இல்லை, இருந்தவரும் தர மனசில்லாமல் இல்லை என்றார். விசாரணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று செயலாளரிடம் கேட்டார். ஏற்கனவே இரண்டு முறை தள்ளியாயிற்று, இனிமேல் கேட்டால் நமக்கே ஆதாரம் இல்லை என்றாகிவிடும் என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் கேட்கிறார் என்பதை சார் அவரிடம் சொல்லவில்லை.

பொள்ளாச்சி, திண்டுக்கல், கம்பம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி வந்ததும் கடைத்தெரு முழுக்க ஏலக்காய் வாசனை. எனக்கு அது பிடிக்கும். அன்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வழி நெடுக சார் வெற்றிலையைத் தொடவில்லை. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறிக்கை அவர் பையில் இருந்தது. கையெழுத்து இன்னும் போட்டிருக்கவில்லை.

விசாரணை நடந்த அறையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பேச்சியம்மாள் நல்ல புடவை கட்டி, தலை வாரி, கணவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். பேச்சு மலையாளத்தில் நடந்தது. சார் எழுந்ததும் தோட்டத்தின் சார்பாக வந்த வக்கீல் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தத் தூள்தான் இந்த மனிதரின் நரம்பைக் கெடுத்தது என்று உங்கள் சோதனையை வைத்து உறுதியாகச் சொல்வீர்களா?

இல்லை என்றார் சார். சோதனையில் பிழை புகுந்துவிட்டது, அதை வைத்து நான் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். என்ன பிழை என்று வக்கீல் கேட்டார். சார் சொன்னார். மூடி, விரல், வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒன்று விடாமல் சொன்னார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், அது பரவியது. வக்கீல்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தொழிலாளர் அலுவலர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு, "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சார் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

சுடலைமுத்துவுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் புரிந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, ஆடுகிற கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வெளியே வந்தபோது செயலாளர் எங்களைப் பார்க்காமல் தாண்டிப் போனார். பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"வக்கீலு தூளப் பத்தித்தான டீச்சர் கேட்டாரு. சொல்ல முடியாதுன்னு நிறுத்தியிருக்கலாம்லா. ஊரு சிரிக்கும்படிச் சொன்னாகளே, எதுக்கு? இப்ப தூளும் சிரிப்பாப் போச்சு, அவுக கையும் சிரிப்பாப் போச்சு."

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு நீதியை எதிர்பார்ப்பீர்கள். உண்மை பேசினார், அறிவியலின் மானத்தைக் காப்பாற்றினார் என்று சொல்வேன் என்று. பல வருடங்கள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சார் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அந்த அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த நாளிலிருந்து நான் அவரிடம் வேலை செய்திருக்க மாட்டேன். ஆனால் அலுவலர் திரும்ப ஒருமுறை கேட்டாரே, அப்போது அந்த மனிதர் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று யோசியுங்கள். எங்கள் சோதனை கெட்டுப்போனது, பாதரசம் நஞ்சு என்பது கெட்டுப்போகவில்லை. அது எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த சங்கதியா என்ன? நாட்டு வைத்தியர் முதல் நகை வேலை செய்கிறவர் வரை எல்லாருக்கும் தெரிந்தது. முன்னால் தூள் கலக்கியவருக்கும் கை ஆடியது என்று அந்தப் பெண் சொன்னாள், அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். திரும்பச் சோதித்துச் சொல்கிறேன், அதுவரை இவர் பேரை வெட்டாதீர்கள் என்று கேட்டிருக்கலாம். எல்லாம் உண்மை. எதற்கும் ஜி.டி.பி. தேவையில்லை.

சார் அதில் ஒன்றையும் சொல்லவில்லை. அவமானம் அவரை விழுங்கிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற வேகத்தில், தெரிந்ததையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டார். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் பிழை வரும். வரட்டும். வருகிற நாளில் எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்துப் பாருங்கள். வெட்கம் பிரித்துப் பார்க்க விடாது. மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடச் சொல்லும். அது பார்ப்பதற்கு நேர்மை மாதிரியே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. விசாரணை அறையில் பிழையைச் சொன்னது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். காலையில் இரண்டு பாதரசக் குழாயும் மதியம் இரண்டு வெறுங் குழாயும் கலந்து ஓட்டியிருந்தால் சுண்ணாம்பு அன்றே மாட்டியிருக்கும். வரிசையை மாற்றி ஓட்டுங்கள் என்று உங்களுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகத்தில் அது ஒரு வரி. எனக்கு அது ஒரு குடும்பம்.

சுடலைமுத்துவின் பேரை வெட்டிவிட்டார்கள் என்று தமிழாசிரியர் வந்து சொன்னார். அதன் பிறகு அவர் எங்கள் துறைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

மழை ஓய்ந்த பிறகு மதராஸிலிருந்து பார்சல் வந்தது. சோதனையைத் திரும்பச் செய்தோம். மரமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு உலோக மூடி போட்டோம். தாவரவியலில் இருந்து ஒருவரை அழைத்து, எங்களுக்குத் தெரியாமல் குழாய்களுக்கு எண் இடச் சொன்னோம். காலை, மதியம் என்று கலந்து ஓட்டினோம். எண்களைப் பிரித்துப் பார்த்தபோது தூள் கலந்தவை அத்தனையும் தண்ணீர் மாதிரி ஓடியிருந்தன. வெறும் புரதம் அத்தனையும் கெட்டிப்பட்டிருந்தது. திரும்பவும் செய்தோம். அதேதான். முதல் தடவையே எங்களுக்குக் கிடைத்தது சரியான விடைதான், அதை எங்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் சங்கதி. சார் ஸ்டாப்வாட்சை வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை.

தொழிலாளர் அலுவலருக்கு எழுதினார். அந்த வழக்கு முடிந்துவிட்டது, வேண்டுமானால் தொழிலாளி புதிதாக மனு கொடுக்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பேர் வெட்டப்பட்டவர் தொழிலாளியே இல்லை. இந்தச் சுழலை எங்கே பிடித்து நிறுத்துவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் சார், நீ நேரில் போய் அந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிட்டு வா என்றார். கூட வாருங்கள் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார்.

குடும்பம் கீழே இறங்கிக் கம்பம் பக்கம் எங்காவது போயிருக்கும், லயத்தில் விசாரித்துத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அதே அறையில் இருந்தார்கள். சுடலைமுத்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழ முயன்றார், முடியவில்லை. கடைசிப் பெண் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அறை எப்படி நின்றது என்று எனக்கு ஆச்சரியம், சங்கம் ஏதோ செய்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, அந்த ஒரு நிமிடம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பேச்சியம்மாள் நாற்றங்காலில் இருந்து வந்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூள் காய்ந்திருந்தது.

விசாரணைக்குப் பிறகு லயத்தில் ஒருவரும் தூள் கலக்க வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சிரித்தவர்களையும் சேர்த்துத்தான். சுடலைமுத்துவின் கையை அவர்கள் தினமும் பார்க்கிறார்களே. நாற்று அழுக ஆரம்பித்தது. அந்த வேலையை எடுத்தால் நிரந்தரமாகப் பேர் பதிந்து அறையையும் விட்டுவைக்கிறோம் என்று நிர்வாகம் பேச்சியம்மாளிடம் கேட்டது. அவள் எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் அவள் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

சொல்ல வந்ததை நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வந்த காரணத்தை அவளே கேட்டாள். சோதனையைத் திரும்பச் செய்தோம், இந்த முறை எந்தப் பிழையும் இல்லை என்றேன்.

"இப்ப நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சா டீச்சர்?"

"தெரிஞ்சுபோச்சுங்க. தூள்தானுங்க."

அவள் ஈரக் கைகளை முந்தானையில் துடைத்து, விரல்களை விரித்துப் பார்த்தாள். அவை ஆடாமல் நின்றன. நானும் பார்த்தேன். வேண்டாம், இந்த வேலையை விட்டுவிடுங்கள், கையுறையாவது கேட்டு வாங்குங்கள் என்று ஏதேதோ சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு கணவர் காதில் விழாதபடி என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள்.

"மூத்தவளுக்குப் பேரு பதியிற வயசு இன்னும் வரல. அவ பேரு பதிஞ்சிட்டா அறை அவ பேருக்கு மாறிடும். அதுவரைக்கும் என் கை நிக்கணும். எத்தன மாசம் தாங்கும்னு உங்க சோதனையில சொல்ல முடியுமா டீச்சர்?"

முடியாதுங்க என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, மதிய வேலைக்கு நேரமாகிறது என்று நாற்றங்காலுக்கு நடந்தாள்.